குன்றத்தூரில் நான் மடித்த பொட்டலங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. என் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிப் பாஸ் செய்திருந்தாள். அப்போது குன்றத்தூர் முருகன் கோயிலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு மாதம் வரை இதை நான் என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

எங்களுக்கு அஸ்தினாபுரத்தில் வீடு. வீட்டின் முன்பக்கத்திலேயே சின்னதாக ஒரு மாவு மில் வைத்திருக்கிறேன். நான் படித்தது ஒன்பதாவது வரைக்கும்தான். தினமும் காலையில் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, முருகன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்ற பிறகுதான் மெஷின் சுவிட்சைத் தொடுவேன். கிருத்திகைக்குக் கிருத்திகை குன்றத்தூர் போய் மலை ஏறாமல் இருந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒருவன்தான் அதைச் செய்தான் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள். பின்தெருவில் ஒரு பால்காரர் நான்கு மாடுகள் வைத்திருக்கிறார். மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் காலை பால் வாங்கப் போனவள் திரும்பி வரவில்லை. பள்ளிக்கு நேரமாகிறதே என்று தேடிக்கொண்டு போனேன். அங்கே ஒரு மாடு கன்று போட முடியாமல் படுத்துக் கிடந்தது. கன்றின் முன்னங்கால் உள்ளே மடங்கி மாட்டிக்கொண்டதாம். அரசு கால்நடை மருந்தகத்திலிருந்து வந்திருந்த பெண் டாக்டர் தோள் வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தார். என் மகள் யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்து மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எழுந்து வாம்மா, பஸ் போயிடும்" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் கன்று வெளியே வந்து விழுந்தது. மூச்சு இல்லை. பால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பதறாமல் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துக் கன்றின் மூக்குக்குள் விட்டுச் சுழற்றினார். கன்று ஒரு தும்மல் போட்டது. அவ்வளவுதான், மூச்சு வந்துவிட்டது. என் மகள் சாக்கை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்தாள். அன்று பள்ளிக்கு மட்டம். வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, நான் அந்த டாக்டர் மாதிரி ஆவப் போறேன்" என்றாள். சின்னப் பிள்ளை பேச்சு என்று நினைத்துச் சிரித்தேன்.

பத்தாவது முடிந்ததும் அது சின்னப் பிள்ளை பேச்சு இல்லை என்று தெரிந்தது. பதினொன்றாவதில் பயாலஜி உள்ள க்ரூப்தான் வேண்டும் என்றாள். என் மனைவி, "அவ இஷ்டம் போல விடுங்க" என்றாள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. மாவு அரைக்க வந்தவர்கள் அரைபடும் வரைக்கும் சும்மாதான் நிற்க வேண்டும். யோசனை சொல்ல அவர்களுக்கு வேறு என்ன வேலை? ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், "கம்ப்யூட்டர்தான் சார் இப்போ எல்லாம். நம்ம பக்கத்துலயே கம்பெனிங்க இருக்கு. பொண்ணு காலைல போய்ட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்" என்றார். மீன் விற்கும் அக்கா ஒருத்தி மிளகாய் அரைக்க வருவாள். அவள் பாத்திரத்தை இறக்கி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா அண்ணா, பொண்ண மாட்டு டாக்டரு ஆக்கப் போறியாமே?"

"அவதான் கேக்குறா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"ஆக்கு, ஆக்கு. எங்க வூட்ல ஒரு ஆடு கீது. எவன் வந்தாலும் முட்டுது. உன் பொண்ணு வந்து ஊசி போடட்டும், யாரு யாருக்குப் போடுறாங்கன்னு பாப்போம்."

மில்லில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் என்னமோ சுருக்கென்றது.

சிரிப்புகூடப் பரவாயில்லை. என்னை அசைத்தது வேறு. அந்தப் படிப்புக்கான கல்லூரிகளைப் பற்றி விசாரித்தபோது, சென்னையில் இடம் கிடைப்பது கஷ்டம், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று எங்கேயாவதுதான் கிடைக்கும், ஹாஸ்டலில் ஐந்தரை வருஷம் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் மில் வாசலில் நின்று, என் தலையில் படிந்திருக்கும் மாவைத் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது? மகளைப் பிரிய முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. படிக்க ஆசைப்படுகிற பிள்ளையிடம் அப்படிச் சொல்லவும் கூடாது.

அதனால், "நீயும் வேணாம், நானும் வேணாம். முருகன்கிட்ட கேட்டுடலாம். பூப் போட்டுப் பாப்போம்" என்றேன்.

எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியத்துக்கும் இதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எது எதில் என்று தெரியாதபடி ஒரே மாதிரி மடித்து, சாமி பாதத்தில் வைத்து எடுத்துக் கண்ணை மூடி ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். இந்த வீட்டு மனை வாங்கியதும், மில் போட்டதும்கூடப் பூப் போட்டுப் பார்த்துத்தான். அவளுக்கும் அதில் நம்பிக்கை உண்டு. "சரிப்பா. முருகன் எனக்கு வெள்ளைதான் குடுப்பாரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போனோம். மகளும் மனைவியும் படி ஏறிவிட்டார்கள். நான் அர்ச்சனைத் தட்டு வாங்குவதாகச் சொல்லிக் கீழே நின்றேன். வெள்ளை நந்தியாவட்டையும் வாங்கினேன், சிவப்பு அரளியும் வாங்கினேன். படிக்கட்டு ஓரம் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன். முதல் பொட்டலத்தில் அரளியை வைத்து மடித்தேன். இரண்டாவது காகிதத்தை விரித்து, நந்தியாவட்டையைக் கையில் எடுத்து, அதைப் பக்கத்திலிருந்த செடி ஓரம் போட்டேன். அரளியை வைத்தேன். மடித்தேன்.

ஆம், இரண்டிலும் சிவப்பு.

அப்போது என் மனசில் என்ன ஓடியது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். 'இது அவளோட நல்லதுக்குத்தானே, முருகனுக்குத் தெரியாதா' என்று அவரையே எனக்குக் கூட்டாளி ஆக்கிக்கொண்டேன் என்பதுதான் நிஜம்.

குருக்கள் இரண்டு பொட்டலத்தையும் சாமி பாதத்தில் வைத்து எடுத்து, தட்டில் வைத்து அவளுக்கு முன்னால் நீட்டினார். அவள் ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் முருகன் கையிலிருந்த வேலையே பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டில் மீதி இருந்த பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வருத்தப்படாதப்பா. முருகனே சொல்லிட்டாரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

தாம்பரத்தில் அவள் படித்த கிறிஸ்தவப் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் க்ரூப்பில் சேர்ந்தாள். விண்ணப்பத்தில் அவளே தன் கையால் எழுதினாள். நன்றாகத்தான் படித்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. பால் வாங்க மட்டும் போகமாட்டேன் என்றாள்; என் மனைவிதான் போய் வந்தாள். அடுத்த கிருத்திகைக்குக் குன்றத்தூர் கூப்பிட்டேன். டெஸ்ட் இருக்கிறது என்றாள். அதற்கடுத்த கிருத்திகைக்குத் தலைவலி என்றாள். நான் தனியாகப் போய் வந்தேன். சாமி முன்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள், கேழ்வரகு அரைக்க மில்லுக்கு அந்தக் கால்நடை டாக்டரே வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"உங்க பொண்ணு எப்படி இருக்கா? மாட்டுக்குக் காதுல கதை சொன்னாளே. ப்ளஸ் ஒன் வந்திருப்பாளே, என்ன க்ரூப்?"

சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"அடடா. அவ வெட்னரி வரணும்னு சொல்லிட்டிருந்தாளே. மனசு மாறிட்டாளா?"

"இல்லம்மா. இது முடிச்சிட்டு அப்புறமா வேணும்னா அதுக்குப் போகட்டும்னு..."

"எப்படிப் போவா சார்? ப்ளஸ் டூவுல பயாலஜி, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணும் இருக்கணும். அது இல்லன்னா அப்ளிகேஷனே போட முடியாது. மார்க் எவ்ளோ இருந்தாலும் சரி."

மார்க் இருந்தால் எந்தக் கல்லூரிக்கும் போகலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பதினோராம் வகுப்பில் எழுதுகிற க்ரூப் பெயரிலேயே ஒரு கதவு மூடிக்கொள்ளும் என்பது ஒன்பதாவது வரை படித்த எனக்குத் தெரியாது. அந்தப் பாடத்தைப் பிறகு தனியாக எழுதிக்கொள்ள முடியாதா என்று கேட்டேன்.

"அதுக்கு மறுபடியும் ப்ளஸ் ஒன்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷம் போயிடும். இப்பவே மாத்தணும்னா ஸ்கூல்ல போய்க் கேளுங்க. கல்வி ஆபீஸுக்குப் பேர் லிஸ்ட் அனுப்பிட்டாங்கன்னா அப்புறம் அவங்களாலயும் முடியாது" என்று சொல்லிவிட்டு, மாவை வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேனே தவிர, அவள் ஆசையை வேரோடு பிடுங்கிப் போட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் நான் செய்தது அதுதான்.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போதும் எனக்கு உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை. ஒரு குறுக்கு வழிதான் தோன்றியது. மறுபடி குன்றத்தூர் போவது. இந்தத் தடவை இரண்டிலும் வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மில்லில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேலே சத்தமாகச் சொன்னேன்.

"அம்மாடி, இன்னொரு தடவ பூப் போட்டுப் பாப்போமா? பயாலஜிக்கு?"

அவள் புடைப்பதை நிறுத்தவில்லை. "வேணாம்பா."

"இல்லம்மா, அன்னிக்கு ஏதோ..."

"ஒரு தடவ சொன்னத மாத்திக் கேட்டா அவர நம்பலன்னு ஆயிடும்ப்பா. நீதான சொல்லிக் குடுத்த."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மெஷின் இறங்கி இறங்கி நின்றது. பெல்ட் சுற்றுகிற சத்தமும் அடங்கியது. அந்த அமைதியில் அவள் மெதுவாகத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கு அது வராதுன்னு முருகனுக்குத் தெரியும்ப்பா. நான் என்ன கேட்டாலும் அவரு இல்லன்னுதான் சொல்லுவாரு. அதான் நான் இப்பல்லாம் ஒண்ணும் கேக்குறதில்ல."

நான் கெடுத்தது ஒரு படிப்பை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். சாமி தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று ஒரு பதினாறு வயசுப் பிள்ளை இரண்டு மாதமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் நான். அவளுடைய முருகனையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டேன்.

கரண்ட் வந்துவிட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்து, அப்போதே சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. இரண்டு பொட்டலத்திலும் நான் அரளியைத்தான் வைத்தேன் என்றேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

"ஏன்ப்பா?"

"நாமக்கல்லு, திருநெல்வேலின்னு சொன்னாங்க. அஞ்சரை வருஷம்னாங்க. நீ இல்லாம எப்படி இருக்கிறதுன்னு..."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "அப்போ முருகன் வேணாம்னு சொல்லலியா?"

"அவரு ஒண்ணுமே சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அழுத மாதிரி இல்லை. தொலைந்த ஒன்று கிடைத்துவிட்ட மாதிரி அழுதாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.

கதை இதோடு நன்றாக முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அழுது முடித்ததும் கோபம் வந்தது. நியாயமான கோபம். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் வந்தால் என் தலையைத் தட்டிவிடாமல் நேராக உள்ளே போய்விடுவாள். என் மனைவியிடமும் சொன்னேன். அவள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "சாமி பாதத்துலயே வச்சீங்களா?" அன்றும் எனக்குச் சோறு போட்டாள். ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் பள்ளிக்குத் தனியாகப் போனேன். தலைமை ஆசிரியை அம்மாவைப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஆனது. க்ரூப் மாற்ற வேண்டும் என்றதும், "உங்க பொண்ணே எழுதிக் குடுத்தது சார், எங்க தப்பு இல்ல" என்று விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். ஏதாவது காரணம் சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது. பூ விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அவருக்கு இதெல்லாம் புரியுமோ என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நாங்களும் வீட்ல ஜெபம் பண்ணிட்டுச் சீட்டு எடுப்போம் சார். எல்லாச் சீட்டுலயும் ஒரே பேர எழுதணும்னு எனக்கும் ஒருதரம் தோணியிருக்கு. என் பையன் கல்யாணத்துக்கு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "எழுதல. ஆனா தோணிச்சு" என்றார்.

பிறகு உண்மை நிலவரத்தைச் சொன்னார். பட்டியல் இன்னும் பன்னிரண்டு நாளில் போகிறது. பயாலஜி வகுப்பில் ஒரு பிள்ளை ஊர் மாறிப் போனதில் ஒரு இடம் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதப் பாடம் முடிந்துவிட்டது. பயாலஜி டீச்சர் சம்மதிக்காமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி, அந்த டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

டீச்சர் சிரிக்காத ஆள். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். "நடுவுல வர்ற பிள்ளை திணறிடும் மேடம். பத்து நாள் டைம் குடுக்கிறேன். இதுவரைக்கும் நடத்தின பாடம் முழுக்க டெஸ்ட் வைப்பேன். ரெக்கார்ட் நோட்டும் முடிச்சிருக்கணும். பாஸ் பண்ணினா எடுத்துக்கிறேன். இல்லன்னா இதுலயே இருக்கட்டும். பாவம்னு மார்க் போட மாட்டேன்" என்றார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி, "எங்க வீடு சேலையூர்தான். தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. ஒன்றரை மணி நேரம் சொல்லித் தரேன்" என்றார்.

அந்தப் பத்து நாளும் மில்லை ஐந்தரைக்கே மூடினேன். பாதி அரைத்தும் அரைக்காமலும் இருந்த டப்பாக்களைப் பார்த்துவிட்டு, மீன் விற்கும் அக்கா, "இன்னா அண்ணா, மில்லு வெச்சிகினு கீறியா, பேங்க்கு வெச்சிகினு கீறியா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "அப்டீன்னா போ, போ. என் மொளகா எங்க ஓடப்போவுது" என்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள்.

வண்டியில் முதல் மூன்று நாள் அவள் எனக்குப் பின்னால் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்து வந்தாள். நான் டீச்சர் வீட்டு வாசலில் காத்திருப்பேன். உள்ளே அவள் குரலும் டீச்சர் குரலும் மாறி மாறிக் கேட்கும். ஒருநாள் வீட்டிலிருந்து இரண்டு கிலோ சத்துமாவு கொண்டுபோய் நீட்டினேன். டீச்சர் வாங்கவில்லை. "மாவு வேணாம். ராத்திரி அவள நேரத்துக்குத் தூங்க வைங்க, அது போதும்" என்றார்.

நான்காம் நாள் திரும்பி வரும்போது, கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றது. முன்னாலும் பின்னாலும் பஸ். நகரவே இல்லை. திடீரென்று பின்னாலிருந்து ஒரு புத்தகம் என் தோளுக்கு மேலே வந்தது.

"கேள்வி கேளு."

நான்கு நாளில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் புத்தகத்தை வாங்கினேன். எனக்குப் பார்வையும் மங்கல், படிப்பும் மங்கல். எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கேட்டேன். "க-ணுக்-காலிகள்... கணுக்காலிகள். இது என்னம்மா, கணுக்கால்ல வர்ற வியாதியா?"

"கரப்பான் பூச்சிப்பா. அது, இறால், நண்டு, எல்லாம் அந்தக் கூட்டம்."

"கரப்பானுக்கா இவ்ளோ மரியாதையா ஒரு பேரு?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்கியது என் முதுகில் தெரிந்தது. அதன் பிறகு தினமும் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, தெரு விளக்கு வெளிச்சத்தில் கேள்வி கேட்டேன். எனக்குப் பாதி புரியாது. அவள் சொல்லும் பதில் சரியா தப்பா என்பதுகூடச் சில நேரம் தெரியாது. புத்தகத்தில் இருக்கிற எழுத்தோடு ஒத்துப் பார்த்து, "சரி" என்பேன்.

அந்த வாரம் ஒரு காலையில் தனியாகக் குன்றத்தூர் போய் அதே குருக்களிடமும் சொன்னேன். பரிகாரம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர், "குழந்தைகிட்ட சொல்லிட்டேளா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். "அப்போ ஆச்சு. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று விபூதி கொடுத்தார். அன்று சாமி முன்னால் நிற்க முடிந்தது.

பத்தாம் நாள் டெஸ்ட் எழுதினாள். மறுநாள் டீச்சர் பேப்பரைக் கையில் கொடுக்கும்போது, "தாவரவியல்ல இன்னும் கவனம் வேணும்" என்று மட்டும் சொன்னாராம். பாஸா என்று இவள்தான் திருப்பிக் கேட்டிருக்கிறாள். "பாஸ் ஆகாமலா திட்டிட்டு இருக்கேன்?" என்றாராம் டீச்சர். பட்டியலில் அவள் பெயர் இடம் மாறியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் மில் வாசலில் நின்றாள். துண்டை எடுத்து என் தலையில் இருந்த மாவைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

பிறகு இரண்டு வருஷம் அவள் படித்த படிப்பை எழுதினால் இன்னும் பத்துப் பக்கம் வேண்டும். ப்ளஸ் டூ முடித்து, தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் போடப் போனோம். படித்த பாடங்கள் என்ற இடம் வந்தபோது, அங்கிருந்த பெண் "உயிரியல் உண்டா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். என் மகள் "உண்டு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் பட்டது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன்.

இரண்டாவது சுற்றுக் கவுன்சலிங்கில் இடம் கிடைத்தது. நான் எதற்குப் பயந்தேனோ அதேதான், திருநெல்வேலி. போகிற அன்று அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. அழுதேன். ஸ்டேஷனில் எல்லாரும் பார்த்தார்கள். அவளும் அழுதாள். பிறகு ரயில் ஏறிப் போய்விட்டாள். நான் இருக்கமாட்டேன் என்று நினைத்தேன்; இருக்கிறேன். மில் ஓடுகிறது. சாயங்காலம் நானே தலையைத் தட்டிக்கொள்கிறேன்.

போன மாதம் ஒருநாள் அவளிடமிருந்து போன் வந்தது. கிராமத்தில் முகாம் போடுகிறார்களாம். காளை மாடுகளுக்கு ஊசி போடும்போது பிடித்துக்கொடுக்கிற வேலையாம். விருப்பம் இருக்கிறவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

"நீ என்னப்பா சொல்ற? போகட்டுமா?"

பழைய நானாக இருந்தால், "முருகன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருப்பேன். "எனக்குப் பயமாத்தாம்மா இருக்கு" என்றேன். "கொம்பு பெருசா இருக்கும். குத்திடுமோன்னு இருக்கு. ஆனா அது என் பயம். உனக்குப் போகணும்னா போயிட்டு வா."

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ, "என் பேரையும் எழுதிக்கோ" என்று சொல்வது கேட்டது. பிறகு, "சரிப்பா. நீ சாமிக்கு ஒரு கற்பூரம் மட்டும் ஏத்திடு" என்றாள்.

ஏற்றினேன். என் பயத்தை என் பெயரிலேயே சொல்லிப் பழக எனக்கு நாற்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது. அதைச் சொன்ன பிறகும் மகள் என் யோசனையைக் கேட்டுப் போன் செய்கிறாள் என்பதைத்தான், முருகன் எனக்குச் சொன்ன பதிலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.